சித்தாந்த சக்கரவர்த்தியும் இருபத்தொன்பது இலக்க எண்ணும்

சிரவணபெளகுளத்தில் விந்தியகிரியின் உச்சியில் நிற்கும் கோம்மடேசுவரர் திருமேனியின் பாதங்களை ஒட்டிக் கல்லெழுத்துகள் உள்ளன. கன்னடம், தமிழ், மராட்டி ஆகிய மூன்று மொழிகளிலும் அவை பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ் வரி கிரந்தமும் வட்டெழுத்துமாக அமைந்தது. திருமேனியைச் செய்வித்தவர் சாமுண்டராயர் என்னும் செய்தியையே அது தெரிவிக்கிறது. மஹாமஸ்தகாபிஷேகக் காலத்தில் தமிழகத்திலிருந்து மலையேறிச் செல்லும் சிராவகர்கள் அந்தத் தமிழ் வரியைக் கண்டு மகிழ்வதுண்டு. ஆனால் அந்தச் சாமுண்டராயருக்கு ஆகமப் பொருளை உரைத்த முனிவரின் பெயர் அவ்வரியில் இல்லை. அப்பெயரைக் காண வேண்டுமானால் ஓலைச்சுவடிகளிடம் செல்ல வேண்டும். அவர்தாம் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி.

அவர் பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும் அவருடைய நூல்களில் இல்லை. துறவு பூண்டவருக்கு அவை தேவையற்றவை எனக் கருதினார் போலும். ஆசிரியர்களின் பெயர்களை மட்டும் பல இடங்களில் நினைந்து வணங்குகிறார். அபயநந்தி, இந்திரநந்தி, வீரநந்தி, கனகநந்தி ஆகியோர் அவர்கள். தேசிய கணத்தைச் சேர்ந்த அவர் வாழ்ந்தது பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியாகும். அப்போது கங்க நாட்டை மாரசிம்மனும் அவனுக்குப் பின் இராசமல்லனும் ஆண்டனர். அவ்விருவரிடமும் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் பணிபுரிந்தவர் சாமுண்டராயர். போர்க்களத்தில் பெற்ற விருதுகள் பல உடையவர் அவர். 978ஆம் ஆண்டில் கன்னடத்தில் திரிஷஷ்டி சலாகா புருஷர்களின் வரலாற்றை உரைநடையில் இயற்றிய புலவரும் ஆவார்.

சக்கரவர்த்தி என்னும் பட்டம் ஒரு முனிவருக்கு எவ்வாறு பொருந்தும்? கர்மகாண்டத்தில் அவரே அதற்கு விளக்கம் தருகிறார். சக்கராயுதத்தால் ஆறு கண்டங்களையும் தடையின்றி வெல்பவன் சக்கரவர்த்தி. அவ்வாறே தம் அறிவென்னும் சக்கரத்தால் ஆறு கண்டங்கள் கொண்ட ஆகமத்தைத் தாம் நன்கு வசப்படுத்தியதாக அவர் கூறுகிறார். அந்த ஆகமம் ஷட்கண்டாகமம்.

ஷட்கண்டாகமத்தின் வரலாற்றில் தமிழ்நாட்டிற்கும் ஓர் இடம் உண்டு. கிர்னார் மலையின் சந்திரகுகையில் தவமிருந்த தரசேனர், தம்மோடு ஆகம ஞானம் மறைந்துவிடக் கூடாதென்று தென்னாட்டிலிருந்து இரு முனிவர்களை வரவழைத்து ஓதுவித்தார். புஷ்பதந்தரும் பூதபலியும் அவர்கள். ஓதி முடிந்து திரும்புகையில் புஷ்பதந்தர் வனவாச நாட்டிற்கும் பூதபலி தமிழ் நாட்டிற்கும் சென்றதாகத் தவளா உரை கூறுகிறது. முதற்பகுதியின் சூத்திரங்களைப் புஷ்பதந்தர் இயற்றிப் பூதபலிக்கு அனுப்பினார். தொடர்ந்து வரும் பகுதியைப் பூதபலி தொடங்கினார். அது திரவியப் பிரமாண அனுகமம், அதாவது உயிர்களின் எண்ணிக்கையைக் கூறும் பகுதி. எனவே ஆகமத்தின் எண் கணக்கு தமிழ் நாட்டிற்குச் சென்ற ஆசாரியரின் வாக்கிலிருந்தே தொடங்குகிறது. நிறைவுற்ற புலன்களையும் உடலையும் பெற்ற மனிதர்களின் தொகை, இரண்டை முதலாகக் கொண்ட வர்க்க வரிசையில் ஆறாம் வர்க்கத்திற்கு மேலும் ஏழாம் வர்க்கத்திற்குக் கீழும் அமைவது என எல்லை வகுத்தவர் அவர். அந்த எல்லைக்குள் அடங்கிய ஓர் எண்ணே பின்னர் நேமிசந்திரர் கையில் ஒரு காதையாயிற்று.

பூதபலியின் காலத்திற்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 816ஆம் ஆண்டில், வீரசேனர் தவளா என்னும் பேருரையை நிறைவு செய்தார். எழுபத்திரண்டாயிரம் சுலோக அளவுடையது அது. அவ்வளவு பெரிய நூலை ஓதி மனத்தில் இருத்துவோர் எத்தனை பேர் இருக்க முடியும்? மேலும், சித்தாந்த நூல்களை இல்லறத்தார் ஓதலாகாது என்னும் கட்டுப்பாடும் அக்காலத்தில் இருந்தது. ஓலையில் எழுதிய நூல் எழுத்தாணி பிடிப்போர் உள்ளவரையில்தான் வாழும். படியெடுப்பவர் இல்லையெனில் சில நூறு ஆண்டுகளில் செல்லரித்துப் போகும். ஒரே இடத்தில் ஒரே சுவடியாகக் கிடக்கும் நூலுக்கு ஒரு தீயோ ஒரு வெள்ளமோ போதும்.

இந்நிலையில் நிகழ்ந்ததாக ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நேமிசந்திரர் ஒருநாள் சித்தாந்தச் சுவடியை விரித்து ஓதிக்கொண்டிருந்தார். சாமுண்டராயர் வணங்குவதற்காக வந்தார். அவரைக் கண்டதும் ஆசாரியர் சுவடியை மூடிக் கட்டிவிட்டார். காரணம் கேட்ட படைத்தலைவருக்கு, இல்லறத்தார் கேட்பதற்குரியதன்று அந்நூல் என்ற விடை கிடைத்தது. சாமுண்டராயர் வருந்தினார், அப்பொருளைத் தாமும் அறிய வழியில்லையா என வேண்டினார். ஆசாரியர் கட்டுப்பாட்டை மீறவில்லை, வேண்டுதலையும் தள்ளவில்லை. ஷட்கண்டாகமத்தின் சாரத்தை எடுத்துப் பிராகிருதக் காதைகளாகப் புதியதொரு நூலை இயற்றித் தந்தார். சாமுண்டராயருக்கு இல்லத்தில் வழங்கிய பெயர் கோம்மடன். அப்பெயராலேயே நூல் கோம்மடசாரம் ஆயிற்று. அவர் எழுப்பிய பாகுபலித் திருமேனிக்கும் அதே பெயர் வந்தது.

கோம்மடசாரம் இரு பகுதிகளை உடையது. ஜீவகாண்டம் 730க்கு மேற்பட்ட காதைகளையும், கர்மகாண்டம் 970க்கு மேற்பட்ட காதைகளையும் கொண்டவை. எழுபத்திரண்டாயிரம் சுலோக அளவுக்கு விரிந்த உரைப்பொருளின் சாரம் இரண்டாயிரத்திற்கும் குறைவான காதைகளில் அடங்கியது. சுருக்கும்போது பொதுவாக முதலில் கைவிடப்படுவன எண்களே. சுருக்கநூல் செய்வோர் பலர், பெரும் தொகை என்ற ஒரு சொல்லோடு நகர்ந்துவிடுவர். நேமிசந்திரர் அப்படிச் செய்யவில்லை.

ஜீவகாண்டத்தில் மனிதகதியைப் பற்றிக் கூறுமிடத்தில், பரியாப்த மனிதர்களின் தொகை ஐந்தாம் வர்க்கத்தின் கனத்திற்குச் சமம் என்கிறார். இதைப் புரிந்துகொள்ள இரண்டிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டின் வர்க்கம் 4. அதன் வர்க்கம் 16. அதன் வர்க்கம் 256. நான்காம் வர்க்கம் 65536. ஐந்தாம் வர்க்கம் 4294967296. ஆறாம் வர்க்கம் 18446744073709551616. இவ்வரிசைக்குத் துவிரூபவர்க்க தாரை என்று பெயர். பின்னவை மூன்றுக்கும் பிராகிருத நூல்களில் செல்லப்பெயர்கள் உண்டு. முன்னிற்கும் இலக்கங்களைக் கொண்டே அவற்றை அழைத்தனர். அறுபத்தைந்தில் தொடங்குவது பண்ணட்டி, நாற்பத்திரண்டில் தொடங்குவது பாதாலம், பதினெட்டில் தொடங்குவது ஏகட்டி. வீட்டுப் பிள்ளைகளைப் பெயர் சுருக்கி அழைப்பது போன்ற பழக்கம் இது. இந்த எண்களோடு எத்துணை நெருங்கிப் பழகியிருந்தால் இவ்வாறு பெயரிட்டிருப்பார்கள்!

பாதாலத்தின் கனம், அதாவது பாதாலத்தை அதனாலேயே மும்முறை வைத்துப் பெருக்கிய தொகை, 79228162514264337593543950336. இருபத்தொன்பது இலக்கங்கள். பாதாலத்தையும் ஏகட்டியையும் பெருக்கினாலும் இதுவே வரும், ஏனெனில் ஏகட்டி என்பது பாதாலத்தின் வர்க்கமே. பண்ணட்டியை ஆறுமுறை வைத்துப் பெருக்கினாலும் இதுவே. இரண்டைத் தொண்ணூற்றாறு முறை வைத்துப் பெருக்கினாலும் இதுவே. பூதபலி வகுத்த எல்லையோடு ஒப்பிட்டால், ஆறாம் வர்க்கம் இரண்டை 64 முறை பெருக்கியது. ஏழாம் வர்க்கம் 128 முறை பெருக்கியது. இந்த எண்ணோ இரண்டிற்கும் நட்டநடுவே 96இல் நிற்கிறது. இத்தொகை ஆகமம் கூறும் இரண்டரைத் தீவுகளாகிய மனித உலகிற்கு உரியது. இன்றைய மக்கள்தொகைக் கணக்கோடு அதனை வைத்து ஒப்பிடுவது பொருத்தமன்று.

இவ்வளவு நீண்ட எண்ணை ஓலையில் எவ்வாறு எழுதுவது? இலக்கமிட்டு எழுதினால் ஒன்றிரண்டு படிகளுக்குள் பிழை நுழைந்துவிடும். 33 என்று இரட்டையாக வருமிடத்தில் ஒன்று விடுபடலாம். இலக்க வரிசையில் நாவுக்குப் பற்றுக்கோடு ஒன்றுமில்லை. ஆகவே நேமிசந்திரர் எண்ணைப் பாட்டாக்கினார். ஐந்தாம் வர்க்கத்தின் கனம் என்று கூறியதை அடுத்து வரும் காதையில், இருபத்தொன்பது இலக்கங்களும் இருபத்தொன்பது எழுத்துகளாக அமைந்துள்ளன.

அதற்கு அவர் கையாண்டது கடபயாதி முறை. வடமொழி நெடுங்கணக்கில் ககர வரிசையிலும் சகர வரிசையிலும் உள்ள முதல் ஒன்பது மெய்கள் முறையே 1 முதல் 9 வரை குறிக்கும். பத்தாவதாகிய ஞகரம் சுழி. டகர, தகர வரிசைகளும் அவ்வாறே 1 முதல் 9. இறுதி நகரம் சுழி. பகர வரிசையின் ஐந்தும் 1 முதல் 5. யகரம் முதல் ஹகரம் வரையுள்ள எட்டும் 1 முதல் 8. மெய்யோடு சேர்ந்த உயிருக்கு மதிப்பில்லை. எண்ணை ஒற்றை இடத்திலிருந்து தொடங்கி இடப்புறமாக எழுதிச் செல்ல வேண்டும். காதையின் முதலெழுத்து தகரம், டகரத்திலிருந்து எண்ண ஆறாவது. எனவே ஒற்றை இடத்தில் 6. இறுதி எழுத்து ஸகரம், யகரத்திலிருந்து ஏழாவது. எனவே இடக்கோடியில் 7. இடையில் புகை, அச்சம், மேரு என்று பொருள்படும் சொற்கள் தலைகாட்டுகின்றன. கோவையான பொருளை அங்கே தேட வேண்டியதில்லை. சொற்கள் நினைவுக்குக் கைப்பிடிகள் மட்டுமே.

தமிழர் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். தமிழ் நெடுங்கணக்கில் ககரம் ஒன்றே. இக்காதையைத் தமிழ் வரிவடிவில் எழுதினால் 1, 2, 3, 4 என்னும் நான்கு இலக்கங்களும் ஒரே எழுத்தாகிக் கணக்குச் சிதைந்துவிடும். தமிழகச் சமணர் பிராகிருத, வடமொழி நூல்களைக் கிரந்த எழுத்தில் எழுதி வைத்த வழக்கத்தின் பயன் இத்தகைய இடத்தில் நன்கு விளங்கும்.

காதை ஆரியா யாப்பில் அமைந்தது. மாத்திரை எண்ணும் யாப்பு அது. ஓர் எழுத்து விடுபட்டால் ஓசை இடறும். ஓதுபவரின் காது உடனே அறியும். ஆனால் மாத்திரை குறையாமல் ஓர் எழுத்துக்கு வேறோர் எழுத்து மாறிவிட்டால்? யாப்பு அதைக் காட்டிக் கொடுக்காது. அங்கே எண்ணின் இயல்பே காவலாக நிற்கிறது. இந்த எண்ணை வகுக்கும் பகா எண் இரண்டு ஒன்றே. மூன்றோ ஐந்தோ ஏழோ இதனுள் நுழைவதில்லை. ஆகவே இதைப் பாதியாக்கி, அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்கிச் சென்றால், ஓரிடத்திலும் மீதியின்றித் தொண்ணூற்றாறாம் முறையில் ஒன்றில் வந்து முடியும். இலக்கம் ஒன்று மாறினாலும் இது நிகழாது. ஒற்றை இடத்து 6ஐ 7 எனப் படித்தால் முதற்படியிலேயே மீதி விழும். அதற்கு அடுத்த 3ஐ 4 எனப் படித்தால் ஒருமுறை பாதியானதும் ஒற்றைப்படை எண்ணாகி நின்றுவிடும். இடக்கோடியில் உள்ள 7ஐ 8 எனப் படித்தாலோ, இருபத்தெட்டு முறை பாதியாகிப் பின் நிற்கும். எந்த இடத்தில் எந்த ஓர் இலக்கம் மாறியிருந்தாலும், முப்பது முறை பாதியாக்குவதற்குள் மீதமின்றிப் பாதியாகாத ஓர் எண் எதிர்ப்பட்டு, பிழை உண்டு என்று கூறிவிடும்.

இன்னும் எளிய சோதனையும் உண்டு. இருபத்தொன்பது இலக்கங்களையும் கூட்டினால் 127 வரும். அவற்றைக் கூட்டினால் 10. மீண்டும் கூட்டினால் 1. இரண்டை ஆறுமுறை பெருக்கிய 64ஐ ஒன்பதால் வகுத்தால் மீதி 1. தொண்ணூற்றாறு என்பது பதினாறு ஆறுகள். ஆகவே இந்த எண்ணை ஒன்பதால் வகுத்தாலும் மீதி 1தான் வர வேண்டும். ஒத்து வருகிறது. வலக்கோடியிலிருந்து பார்த்தாலும் ஓர் ஒழுங்கு தெரியும்: கடைசி இரண்டிலக்கமாகிய 36 நான்கால் வகுபடும்; 336 எட்டால் வகுபடும்; 0336 பதினாறால் வகுபடும்; 50336 முப்பத்திரண்டால் வகுபடும். இலக்கம் ஒன்று கூடக்கூட வகுக்கும் எண் இரட்டிக்கிறது. இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் தொண்ணூற்றேழு. அவற்றுள் இந்த எண்ணைத் தவிர்த்து ஏனைய தொண்ணூற்றாறையும் கூட்டினால் இந்த எண்ணுக்கு ஒன்று குறைவாக வரும்.

அடுத்த காதையில் ஆசாரியர் மேலும் ஒரு கணக்கைச் சேர்க்கிறார். பரியாப்த மனிதர்களுள் நான்கில் மூன்று பங்கினர் பெண்டிர். எண் இரண்டால் மட்டுமே ஆனதாதலால் நான்கால் வகுப்பதில் இடர் ஏதுமில்லை: 59421121885698253195157962752. இதற்குத் தனியே ஓர் எழுத்துக்காதை அவர் பாடவில்லை. முன்னதைப் பிழையின்றி வைத்திருப்பவர் இதைத் தாமே கண்டுகொள்வர்.

ஆகமத்தின் அளவுலகில் இந்த எண் மிகச் சிறியதே என்பதையும் சொல்ல வேண்டும். சங்கியாதம், அசங்கியாதம், அனந்தம் என மூவகைப்படும் அளவுகளுள் இது முதல் வகையிலேயே அடங்கிவிடுகிறது. அதற்கு அப்பாற்பட்டவற்றை நேமிசந்திரர் திரிலோகசாரத்தில் விளக்குகிறார். இலட்சம் யோசனை குறுக்களவும் ஆயிரம் யோசனை ஆழமும் உடைய குழியைக் கடுகால் நிரப்பி, தீவுக்கொன்று கடலுக்கொன்றாக அக்கடுகை இட்டுச் சென்று, தீர்ந்த இடத்தின் அகலத்திற்கு மற்றொரு குழி செய்து மீண்டும் நிரப்பிச் செல்லும் கணக்கைத் தமிழ்ச் சமண இல்லங்களில் பெரியோர் வாய்மொழியாகக் கேட்டவர்கள் இருக்கக்கூடும். சங்கியாதத்தின் எல்லையைக் கடக்கும் வழி அது.

அதே நூலில் எண்வரிசைகளைப் பதினான்கு தாரைகளாக வகுக்கிறார். எல்லா எண்களும் வருவது ஒன்று, இரட்டைப்படை எண்கள் மட்டும் வருவது ஒன்று, வர்க்க எண்கள் வருவது ஒன்று, கன எண்கள் வருவது ஒன்று, இப்படியே. இருபத்தொன்பது இலக்க எண்ணுக்கு இவற்றுள் பல இடங்களில் உரிமை உண்டு. 281474976710656 என்பதன் வர்க்கமாதலால் அது வர்க்க தாரையில் உள்ளது. பாதாலத்தின் கனமாதலால் கன தாரையிலும் உள்ளது. துவிரூபகன தாரை என ஒன்று உண்டு: 8, 64, 4096, 16777216 எனச் செல்வது, ஒவ்வொன்றும் முந்தியதன் வர்க்கம். அதில் ஐந்தாவது 281474976710656. ஆறாவது மனிதத்தொகையாகிய இந்த எண். ஆனால் துவிரூபவர்க்க தாரையில் மட்டும் இதற்கு இடமில்லை. அங்கே 64க்கு அடுத்தது 128, நடுவில் 96 இல்லை.

ஓர் எண்ணை ஒன்று வரும்வரை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதற்கு அர்த்தச்சேதம் என்று பெயர். இந்த எண்ணின் அர்த்தச்சேதம் 96. இரு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்கள் கூடும், வகுத்தால் கழியும், வர்க்கமாக்கினால் இரட்டிக்கும். பாதாலத்திற்கு 32, ஏகட்டிக்கு 64, பெருக்கினால் 96. பள்ளிப் பிள்ளைகள் இன்று மடக்கை என்று கற்பதன் விதி இதுவே. ஐரோப்பாவில் நேப்பியர் தம் மடக்கை நூலை வெளியிட்ட ஆண்டு 1614. வீரசேனர் இவ்விதிகளை அதற்கு எண்ணூறு ஆண்டுகள் முன்பே பயன்படுத்தினார். நேமிசந்திரர் அவற்றை ஓதுவதற்கேற்ற காதைகளாக்கினார்.

சாமுண்டராயர் எழுப்பிய திருமேனியின் வரலாறு பலரும் அறிந்ததே. அன்னை காளலதேவியின் விருப்பம், கனவு, எய்த அம்பு, குல்லகாயஜ்ஜியின் சிறு கிண்ணத்துப் பால் ஆகியன ஒவ்வொரு மலரிலும் எழுதப்படுபவை; இங்கு மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 58 அடி உயரமுள்ள அத்திருமேனி 981ஆம் ஆண்டளவில் நிலைபெற்றது. கர்மகாண்டத்தின் இறுதிக் காதைகளில் நேமிசந்திரர் அதனைப் போற்றுகிறார். மாணவராகிய சாமுண்டராயரையும் வாழ்த்துகிறார். கோம்மடசாரத்திற்குச் சாமுண்டராயர் நாட்டுமொழியில் ஓர் உரை எழுதியதையும் அங்கேயே குறிப்பிடுகிறார். கேட்கத் தகாதவர் என ஒருநாள் சுவடி மூடப்பட்ட அதே மனிதர் உரையாசிரியர் ஆனார். அவ்வுரை இன்று கிடைக்கவில்லை. மலைமேல் அவர் நிறுத்திய கல் நிற்கிறது. அவர் எழுதிய ஓலை மறைந்துவிட்டது.

ஆசாரியரின் நூல் அவ்வாறு மறையவில்லை. 1359ஆம் ஆண்டில் கேசவவர்ணி என்பார் கன்னடத்தில் அதற்கு விரிவான உரை கண்டார். அதனைப் பின்பற்றி வடமொழி உரை எழுந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெய்ப்பூரில் வாழ்ந்த பண்டித தோடர்மல் அந்நாட்டு மக்கள்மொழியில் பெரியதோர் உரை இயற்றினார். எண் கணக்குகளையெல்லாம் இல்லறத்தார் படித்துப் புரிந்துகொள்ளும் வகையில் விரித்து எழுதினார். கங்க நாட்டில் ஒரு படைத்தலைவருக்காகச் செய்த நூல் இராஜஸ்தான வணிகர் இல்லங்களில் ஓதப்பட்டது. அக்காலமெல்லாம் தவளாவின் பழஞ்சுவடிகள் மூடபித்ரியின் பசதியில் வழிபாட்டுப் பொருளாகக் காக்கப்பட்டு இருந்தன. காண்பவர் இருந்தனர், படிப்பவர் அரியர். அதன் முதற்பகுதி அச்சேறியது 1939ஆம் ஆண்டில்தான். வீரசேனர் எழுதி முடித்து ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த இடைக்காலத்தில் ஷட்கண்டாகமத்தின் பொருளை அறிய விரும்பிய பெரும்பாலோர்க்குக் கோம்மடசாரமே வாயிலாக இருந்தது.

நேமிசந்திரரின் மாணவர் மாதவசந்திர திரைவித்தியர் திரிலோகசாரத்திற்கு வடமொழியில் உரை எழுதினார். அந்நூலின் காதைகளுள் சில தம்மால் இயற்றப்பட்டு ஆசிரியரின் இசைவோடு சேர்க்கப்பட்டவை என்பதை அவர் மறைக்காமல் கூறுகிறார். மாணவரின் காதைக்குத் தம் நூலில் இடம் கொடுத்த அந்த ஆசிரியர், திரிலோகசாரத்தின் இறுதியில் தம்மைச் சக்கரவர்த்தி என்று சொல்லிக்கொள்ளவில்லை. அபயநந்தியின் பிள்ளை என்றும் குறைந்த கல்வியுடைய முனிவன் என்றும் கூறி, பிழையிருப்பின் நிறைந்த கல்வியுடைய ஆசாரியர்கள் பொறுத்தருள வேண்டுமென வேண்டி முடிக்கிறார்.